பத்து முதல் பன்னிரண்டு வரை

மணி பத்து நாற்பது, இனி வரமாட்டாள், வராவிட்டால் நல்லதுதான் என்று நினைத்துவிட்டு, நினைத்தது என்னவென்று உறைத்ததும் பூபதி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றான். எழுந்து நின்றால் நினைப்பு மடியிலிருந்து கீழே விழுந்துவிடுமா என்ன. திரும்ப உட்கார்ந்தான். கோர்ட் வளாகத்தின் பின்பக்கம், ஜெராக்ஸ் கடையைத் தாண்டி, முன்பு பழைய வழக்குக் கட்டுகளைப் போட்டு வைத்திருந்த ஒரு அறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, சுவரில் ஒரு யானையும் இரண்டு பட்டாம்பூச்சியும் வரைந்து, குழந்தைகள் சந்திப்பு அறை என்று போர்டு மாட்டியிருந்தார்கள். சனிக்கிழமை தோறும் பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை பூபதி இந்த அறையில் தன் மகள் நிதிலாவைப் பார்க்கலாம், வேறெங்கும் பார்க்கக் கூடாது, வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகக் கூடாது என்பது இடைக்கால உத்தரவு. போகக் கூடாது என்று எழுதியதற்கு அவனே காரணம், மாமனார் வீட்டு கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டு தெருவே கேட்கும்படி ஒரு நாள் கத்தியிருந்தான், அதை யாரோ போனில் பிடித்து வைத்திருந்தார்கள். வாரத்துக்கு நூற்று அறுபத்தெட்டு மணி நேரம், அதில் பெற்ற தகப்பனுக்கு இரண்டு. தகப்பன்மார் கூட்ட மேடையில் இதைச் சொல்லும்போது நூற்று அறுபத்தெட்டுக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்துவான். கூட்டத்தில் எவனாவது ஒருவன் ச்சு கொட்டுவான். அந்தச் ச்சு வருகிறவரை அடுத்த வார்த்தையை எடுப்பதில்லை என்று ஒரு பழக்கம் வைத்திருந்தான், அது ஒரு ருசி, அந்த ருசி எப்போது பிடித்தது என்று அவனுக்கே தெரியாது.

போன சனிக்கிழமை வரவில்லை, அதற்கு முந்தின சனிக்கிழமையும் வரவில்லை. முதல் தடவை மனைவி மோகனாவின் அக்கா குழந்தைக்குக் காதுகுத்து. இரண்டாவது தடவை காய்ச்சல் என்று காலையில் போனில் ஒரு மெசேஜ் வந்தது. அதெப்படி சரியாகச் சனிக்கிழமை பார்த்துக் காய்ச்சல் வரும், வெள்ளிக்கிழமை வராதா, ஞாயிற்றுக்கிழமை வராதா. வக்கீலிடம் போய் உட்கார்ந்து நோட்டீஸ் அனுப்பச் சொன்னான். உடல்நிலை சரியில்லை என்ற சாக்கு இனி ஒருபோதும் ஏற்றுக்கொள்ளப்படாது, மூன்றாம் முறையும் குழந்தையை ஆஜர்படுத்தத் தவறினால் கோர்ட் அவமதிப்பு வழக்குத் தொடரப்படும். அந்த வரி வக்கீலுடையது இல்லை, பூபதியே சொல்லச் சொல்ல எழுத வைத்தது. கொஞ்சம் காரமா இருக்குதே என்றார் வக்கீல். இருக்கட்டும் சார் என்றான். தந்தையர் உரிமைக் கூட்டமைப்பின் செயலாளர் அவன், அவனே காரமில்லாமல் எழுதினால் மற்றவர்கள் என்ன எழுதுவார்கள். மூன்று முறை கணக்கு என்பதே அவன் கூட்டமைப்புக்குக் கொண்டுவந்த விதிதான். ஒரு முறை வராவிட்டால் பதிவேட்டில் எழுதி வாங்கு, இரண்டாம் முறை நோட்டீஸ், மூன்றாம் முறை வழக்கு, இடையில் பேசாதே, கெஞ்சாதே, எல்லாவற்றையும் எழுதி வை. இன்றைக்கு மூன்றாவது. இன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்குக் கல்யாண மண்டபத்தின் மாடியில் கூட்டம், பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் வருகிறார்கள், மைக் அவனுக்கு. இன்று காலைகூட நண்பர்களே, இரண்டு மணி நேரம் அந்தப் பெஞ்சில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் உங்கள் முன்னால் வந்து நிற்கிறேன். நன்றாக இருக்கிறது. தன்னந்தனியாக என்பதை எடுத்துவிடலாமா, இருக்கட்டுமா. வேண்டாம், வெறும் தனியாகப் போதும், அதுதான் நெஞ்சில் போய் நிற்கும். இந்த இடத்தில்தான் வராவிட்டால் நல்லதுதான் என்ற நினைப்பு வந்து சொருகிக்கொண்டது, பேச்சோடு பேச்சாக, யாருடைய நினைப்போ போல.

"அக்கா, வரலீன்னு எழுதிருங்க" என்றான் பதிவேட்டு மேஜையைப் பார்த்து. அங்கே தனபாக்கியம் ஒரு தினத்தாளை விரித்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் போகிறவர்கள் நேரத்தை எழுதிக் கையெழுத்து வாங்குவது அவள் வேலை. "இருங்க தம்பி, பதினொன்னு ஆகட்டும். கொழந்தைய எழுப்பிச் சோறூட்டிப் பஸ் ஏத்திக் கொண்டாரோணுமல்ல. உங்குளுக்கென்ன, சட்டையப் போட்டீங்க வந்தீங்க" என்றாள், கையிலிருந்த அவரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். சட்டையைப் போட்டான் வந்தான். அப்படியா வந்தான். காலையில் எழுந்து தன் மோட்டார் ரிப்பேர் கடைக்குப் போய், நேற்றுப் பாதியில் விட்ட அஞ்சு எச்.பி. மோட்டாருக்குச் செம்புக் கம்பி காயில் சுற்றி முடித்துவிட்டு வரலாம் என்று உட்கார்ந்து, சுற்று எண்ணிக்கை தப்பித் தப்பி, நாற்பதா நாற்பத்தொன்றா, அவிழ்த்து மறுபடி சுற்றி, கடைசியில் அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தான். முன்பெல்லாம் எண்ணிக்கை தப்பாது. முன்பெல்லாம் பக்கத்தில் வார்னிஷ் டப்பா மேல் நிதிலா உட்கார்ந்திருப்பாள், வெட்டிப்போட்ட செம்புக் கம்பியை விரலில் வளைத்து வளைத்து மோதிரம் போட்டுக்கொண்டு, எத்தன சுத்துப்பா, எத்தன சுத்துப்பா என்று நடுவில் நடுவில் கேட்பாள், கேட்டும் தப்பாது. அப்போது அவளுக்கு எத்தனை வயது. நாலா. அசல் மனு போட்டதற்கு முந்தின தை மாதம். அப்படித்தான் ஞாபகம் வருகிறது அவனுக்கு, முன்பல் விழுந்தது எதிர்மனு தாக்கலுக்கு அடுத்த வாரம், சைக்கிள் பழகியது வாய்தா மூன்று முறை தள்ளிப்போன சமயம். சைக்கிள் பழகியதை அவன் பார்க்கவில்லை, அவள் சொல்லிக் கேட்டதுதான். முழங்காலில் காயம் காட்டினாள். அன்றைக்கு அவன் அந்தக் காயத்தைப் போட்டோ எடுத்தான். ஊதிவிட்டானா, ஊதிவிட்டிருப்பான், ஊதியிருக்கத்தானே வேண்டும், ஆனால் போட்டோ எடுத்ததுதான் ஞாபகம் இருக்கிறது, தேதி நேரத்தோடு போனில் இருக்கிறது, ஊதியது எங்கும் இல்லை.

ஆரம்பத்தில் போகும்போது அழுவாள். சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், தனபாக்கியம் வந்துதான் விரலைப் பிரிப்பாள். பிறகு அழுகை நின்றது. பிறகு தேங்க்ஸ்ப்பா சொல்ல ஆரம்பித்தாள். சிப்ஸ் வாங்கிக் கொடுத்தால் தேங்க்ஸ்ப்பா, தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து கொடுத்தால் தேங்க்ஸ்ப்பா. எந்த வீட்டில் ஒரு பிள்ளை தண்ணீர் பாட்டிலுக்கு அப்பனிடம் தேங்க்ஸ் சொல்லும். குழந்தைக்கு எதிர்மனுதாரர் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறார் என்று நோட்டில் எழுதிவைத்தான். சொல்லிக் கொடுத்துத்தான் இருப்பாள். இல்லை, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, இது யாரோ வீடு, இங்கே மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்று பிள்ளைக்கே தோன்றியிருக்குமோ. அந்தக் கேள்வி வந்தால் உடனே வேறு எதையாவது யோசிப்பான். இரண்டு மணி நேரம் என்ன செய்வது இந்த அறையில், காய் தொலைந்துபோன ஒரு பரமபதப் பலகை, ஒரு தலையில்லாத பொம்மை. பெரியவர்களே இரண்டு மணி நேரம் பேச விஷயமில்லாமல் போனை நோண்டுகிறார்கள், ஏழு வயசுப் பிள்ளை என்ன பேசும். அதனால் கேள்வி கேட்பான். பள்ளிக்கூடத்துக்கு யார் கூட்டிட்டுப் போறாங்க, அம்மா எத்தன மணிக்கு வீட்டுக்கு வர்றாங்க, மாமன் உன்னத் திட்டுவாரா. பரீட்சைக்குப் பதில் சொல்கிற மாதிரி நேராக உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வாள். ஒரு நாள் மாமன் திட்டமாட்டாங்கப்பா என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்து, எழுதிக்கலையாப்பா என்று கேட்டாள். அன்றைக்கு அவன் சிரித்தான். சிரித்த சிரிப்பு வாயில் அப்படியே நிற்க பாத்ரூம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றான்.

போன் அடித்தது. கூட்டமைப்புத் தலைவர் ரங்கராஜ் அண்ணன், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், தன் மகனைப் பதினோரு வருஷமாகப் பார்க்காதவர். "என்ன பூபதி, வந்துட்டாங்களா?" "இன்னும் இல்லீங்கண்ணா." "அப்ப விடு. மூணாவது. பதிவேட்டுல எழுதி வாங்கிப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பீரு. இதைவிட ஒரு நல்ல கேஸ் நமக்கு அமையாது பூபதி." "சரிங்கண்ணா." நல்ல கேஸ். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது, அதில் வஞ்சகமில்லை. அவருக்குக் கிடைக்காதது இவனுக்காவது கிடைக்கட்டும் என்கிற சந்தோஷம்தான். ஆனால் அவருக்கு எது கிடைக்காமல் போனது. பதினோரு வருஷத்தில் அந்தப் பையனுக்கு மீசை முளைத்திருக்கும், ரோட்டில் எதிரே வந்தால் வழி விட்டு ஒதுங்கிப் போவார்கள் இரண்டு பேரும். ரங்கராஜ் அண்ணனிடம் கோப்புகள் மட்டும் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன, எந்தத் தீர்ப்பைக் கேட்டாலும் எடுத்துத் தருவார். பூபதிக்குத் திடீரென்று வேர்த்தது. வரட்டும், வந்துவிடட்டும், எவ்வளவு தாமதமானாலும் வந்துவிடட்டும், தேங்க்ஸ்ப்பா சொன்னாலும் சொல்லட்டும். வந்துவிட்டால் மேடையில் என்ன சொல்வது. வராவிட்டால் நல்லது, இல்லை, வரட்டும், இல்லை. வாசலில் நிழல் தட்டும்போதெல்லாம் நெஞ்சு மேலே ஒரு தடவை கீழே ஒரு தடவை போய் வந்தது, எது ஏமாற்றம் எது நிம்மதி என்று பிரித்துப் பார்க்கப் பயமாக இருந்தது. மோகனா வேலைக்குப் போகிறேன் என்று நின்றதில் ஆரம்பித்தது எல்லாம். போனால் போகட்டும் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த யானையும் பட்டாம்பூச்சியும் எதற்கு. சொல்லியிருக்கலாம். யார் தடுத்தது.

பதினொன்று பத்துக்கு மோகனா வந்தாள். நிதிலாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாள், ஏழு வயசுப் பிள்ளையின் கால் அவள் முழங்கால் வரை தொங்கியது. பூபதி முதலில் பார்த்தது சுவர்க் கடிகாரத்தை. ஒரு மணி பத்து நிமிஷம் தாமதம். அதற்குப் பிறகுதான் பிள்ளையின் கழுத்தைச் சுற்றியிருந்த துண்டைப் பார்த்தான். மோகனா பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பிள்ளையைப் பெஞ்சில் உட்காரவைத்து, ஒரு தடவை தலையைக் கோதிவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டாள். சந்திப்பு நேரத்தில் கூட்டி வந்தவர் வெளியேதான் நிற்க வேண்டும். "வா சாமி" என்று இழுத்து அணைத்த பூபதிக்குக் கை சுட்டது. கொதித்தது உடம்பு. உதடு காய்ந்து வெடித்திருந்தது. முழங்கைக்கு உள்பக்கம் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "காய்ச்சலா கண்ணு?" நிதிலா இல்லையென்று தலையாட்டினாள். "இல்லப்பா. மாத்திர போட்டாச்சு. காய்ச்சல்னு சொல்லக் கூடாது." "யாரு சொன்னா அப்படி?" கேட்ட அதே நொடி அவன் வலது கை தானாகச் சட்டைப் பைக்குள் இருந்த நோட்டுக்குப் போயிற்று. அவனறியாமல் போயிற்று, வருஷக்கணக்காகப் பழகின கை. நிதிலா அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கொஞ்சம் நேராக நிமிர்ந்து உட்கார முயன்றாள், முடியாமல் அவன் மேலேயே சாய்ந்தாள்.

மடியில் தலையை வைத்துப் படுத்தவள் இரண்டு நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். பூபதி அசையவில்லை. தொடை வழியாகச் சூடு ஏறியது. வெட்கத்தை விட்டுச் சொன்னால் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று இந்தப் பிள்ளை அவன் மேல் தூங்கி. வாயைத் திறந்து மூச்சு விடுகிறாள், முன்பும் அப்படித்தான் தூங்குவாள். நெற்றி மயிரை ஒதுக்கினான், காதுக்குப் பின்னால் அந்த மச்சம் இருந்தது, இன்னும் இருந்தது. கேள்வி இல்லை, பதில் இல்லை, தேங்க்ஸ் இல்லை. பன்னிரண்டு வரை இப்படியே இருக்கலாம், கோர்ட் கொடுத்த நேரம், யாரும் வந்து எழுப்ப முடியாது. ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ஒரு வாரமாகவா இருக்கிறது, அப்படியானால் போன சனிக்கிழமை உண்மையாகவே. அதை முடிக்கவில்லை அவன், பாதியில் விட்டான். ஒரு பத்து நிமிஷம், அவ்வளவுதான், பத்து நிமிஷம் நான் அப்பனாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம். வராந்தாவில் மோகனா தூணில் சாயாமல் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு லேப் கவர், மருந்துச்சீட்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள், மறுபடி கடிகாரம். என்ன பார்வை அது, கோபமா. கோபமாக இருந்தால் பதிலுக்குக் கோபப்படலாம். அவள் கேட்க நினைக்கிறாள், கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்க நினைக்கிறாள், கேட்கப் பயப்படுகிறாள். மோகனாவா. பாத்திரம் தேய்த்துக்கொண்டே அவனை நாலு வார்த்தையில் மடக்குகிற மோகனா. அவன் சொல்லச் சொல்ல எழுதின வரி வேலை செய்கிறது, நன்றாகத்தான் வேலை செய்கிறது, சாக்கு இனி ஒருபோதும் ஏற்றுக்கொள்ளப்படாது. பதினொன்று இருபது. பதினொன்று முப்பது. இன்னும் ஐந்து நிமிஷம் என்றான் மனசுக்குள், கடைத்தெருவில் பொம்மையை விடாத பிள்ளை மாதிரி. அப்போது நிதிலாவுக்கு உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்தது. குளிரில் பல் அடித்துக்கொள்ள நடுங்கினாள். பூபதி அவளை வாரி எடுத்துக்கொண்டு வாசற்படி வரை போனான். படிக்கு அந்தப் பக்கம் பிள்ளையோடு போக அவனுக்கு உத்தரவில் இடமில்லை, படியிலேயே நின்று நீட்டினான்.

"கூட்டீட்டுப் போ மோகனா. ஆஸ்பத்திரிக்குப் போ."

அவள் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். துண்டை இறுக்கிச் சுற்றினாள். ஆனால் போகவில்லை.

"பன்னெண்டு ஆகலீங்க."

"பரவால்ல. போ."

"எழுதிக் குடுத்துருங்க."

"என்னத்த?"

"நீங்களாத்தான் அனுப்புனீங்கன்னு. நேரத்தப் போட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இல்லீன்னா பன்னெண்டு வரைக்கும் இங்கியே நிக்கறனுங்க." குத்தலாகச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் வழி கேட்கிற மாதிரி சொன்னாள்.

தனபாக்கியம் அவரைக்காயைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். மனுதாரராகிய நான் என்று எழுதினான் பூபதி. அடித்தான். மேற்படி மைனர் குழந்தை என்று எழுதினான். அதையும் அடித்தான். எத்தனை பேருக்கு எத்தனை மனு எழுதிக் கொடுத்தவன், பேனா முன்னால் போகமாட்டேன் என்றது. வெளியே பிள்ளையின் பல் அடித்துக்கொள்வது கேட்டது, கேட்டதா, கேட்கிற தூரம் இல்லை, ஆனால் கேட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல், நான்தான் போகச் சொன்னேன், காய்ச்சலாக இருந்தால் கூட்டி வர வேண்டாம். பூபதி. பதினொன்று நாற்பது. அவ்வளவுதான் எழுத வந்தது. மோகனா அதை வாங்கி ஒரு முறை படித்தாள், அடித்த வரிகளையும் சேர்த்துப் படித்தாள், மடித்து லேப் கவருக்குள் வைத்தாள்.

"ரிசல்ட் எப்ப வரும்?" என்றான்.

"சாயந்தரம்."

"என்னன்னு ஒரு மெசேஜ் போட்டுரு. வேற ஒண்ணும் வேண்டாம். என்ன காய்ச்சல்னு மட்டும்."

மோகனா அவனைப் பார்த்தாள். இந்த ஒரு வருஷத்தில் நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை. "போன வாரம் காய்ச்சல்னு போட்டனுங்க. அதத்தான் ஜெராக்ஸ் எடுத்து நோட்டீஸோட சேத்தி அனுப்பீருந்தீங்க." பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "உங்குளுக்கு இனி நான் எதயும் எழுதறதில்லீங்க." சொல்லிவிட்டு நடந்தாள். ஜெராக்ஸ் கடை திருப்பத்தில் நிதிலாவின் கை தோளிலிருந்து நழுவித் தொங்கியது, மோகனா அதை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். ஆட்டோ ஒன்று வந்தது, ஏறினார்கள், போய்விட்டது.

ஓடலாம். பைக்கை எடுத்துப் பின்னாலேயே போகலாம், எந்த ஆஸ்பத்திரி, கேட்கவில்லையே, கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாளா, போய் நின்றால் இன்னொரு கேட், இன்னொரு கத்தல், இன்னொரு போன் படம் பிடிக்கும். தனபாக்கியம் போன நேரத்துக்குக் கையெழுத்துக் கேட்டாள், போட்டான். மூன்று மணிக்கு மைக் முன்னால் என்னென்ன கேட்கப்போகிறோம் என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் பார்த்தான். வார இறுதி முழுவதும் வேண்டும், கோடை விடுமுறையில் பாதி வேண்டும், பள்ளிக்கூட ரிக்கார்டில் தகப்பன் பெயர் முதலில் வேண்டும். பிள்ளைக்கு என்ன காய்ச்சல் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று எந்த மனுவிலும் அவன் கேட்டதில்லை. சாயந்தரம் ரிசல்ட் வரும். எங்கோ ஒரு கவுண்டரில் மோகனா கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்துப் படிப்பாள், அவனுக்குத் தெரியாது. ராத்திரிக்குக் காய்ச்சல் விடும், அல்லது விடாது, தெரியாது. திங்கள் தெரியாது, செவ்வாய் தெரியாது. அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு இந்தப் பெஞ்சில் வந்து உட்கார வேண்டும். அவள் வந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். வராவிட்டால், வராததிலிருந்துதான் அவன் தெரிந்துகொள்ள வேண்டும்.